சொல்வதை எழுதுபவர்

ஏப்ரல் 10, திங்கள்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் என் அக்கா மகள் இலக்கியா பெட்ரோலியப் பொறியியல் படிக்கப் போவதாகச் சொல்லிப் பெட்டியோடு கிளம்பியபோது, "போ, படி. ஆனா இந்த மாமன் இல்லாம உன்னால அந்தப் படிப்ப முடிக்க முடியாது, எழுதி வச்சுக்க" என்று நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் நாற்பது பேர் முன்னிலையில் சொன்னேன். நாற்பது என்பது குறைத்துச் சொல்வது. இன்றைக்குப் பலித்துவிட்டது.

விடுதி மாடிப்படியில் கால் இடறி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். முழங்கையிலிருந்து விரல் கணு வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் பேனாவைத் தொடக் கூடாதாம். அடுத்த திங்கள் கடைசிப் பருவத் தேர்வு, மொத்தம் ஐந்து தாள். அரியர் இல்லாமல் முடித்தால் ஜூலையில் வேலை. கம்பெனியில் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். ஒரு தாள் நின்றால் ஆர்டர் போச்சு, வருடமும் போச்சு.

அக்கா வேதவல்லி காலையில் போன் செய்தாள்.

"தம்பி, அவ சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஒரு ஆள் வேணுமாம்டா. ஆனா அந்த ஆளு அவளவிடக் கொறச்சலா படிச்சிருக்கணுமாம். அந்தப் பாடம் சுத்தமா தெரிஞ்சிருக்கக் கூடாதாம்."

"அதுக்கு என்ன ஏன்க்கா கூப்புடுற? என்னப் பாத்தா எப்படித் தெரியுது?"

"அதான்டா கூப்புடுறேன்."

அக்கா எப்போதும் இப்படித்தான், பாதி சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடுவாள். அவள் சொல்ல வந்தது, அனுபவசாலி வேண்டும் என்பது.

ஏப்ரல் 12, புதன்

பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தேன். வாசலுக்கு எதிரே லாட்ஜில் அறை. அறை எண் 7.

நேராகத் தேர்வு அலுவலகம். அங்கே இருந்த பெண் என் எட்டாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. "எட்டாவதா? ரொம்ப நல்லதுங்க. இதுக்குமேல படிக்கலையே?" என்றாள். இல்லை என்றேன். "எதாவது டிப்ளமா, ஐடிஐ?" இல்லை. "அருமை" என்று முத்திரை குத்தினாள். ஐம்பத்தாறு வயதில் என் படிப்பைப் பார்த்து ஒருவர் அருமை என்று சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அந்தக் காலத்து எட்டாவது இந்தக் காலத்து எம்.ஏ. என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு முன்னால் இரண்டு பிளஸ் டூ பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்களாம். ஒரு பெண் டியூபிங் என்பதை டியூஷன் என்று எழுதினாளாம். இலக்கியா எனக்குப் பத்து வார்த்தை சொன்னாள். கேசிங், டியூபிங், அன்யூலஸ், மேனிஃபோல்டு, செபரேட்டர். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், ஒரு பிழை இல்லாமல், கோடு போட்ட மாதிரி எழுதிக் காட்டினேன்.

"எப்படி மாமா?"

"எத்தன கெணறு பாத்துருப்பேன் நானு!"

பதின்மூன்று வருடம் எண்ணெய்க் கிணற்று ரிக்கில் இருந்தவன் நான். அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றையும் குழாயிலும் வால்விலும் டாங்கியிலும் ஆள் உயரத்துக்கு இந்தக் கை எழுதியிருக்கிறது. மஞ்சளில் கறுப்பு, வெள்ளையில் சிவப்பு. இடையிடையே பெயின்ட் வேலையும் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

படிவத்தில் "தொழில்" என்று ஒரு கட்டம். இலக்கியா மெதுவாக, "பெயின்டர்னே போட்டுருங்க மாமா" என்றாள். நான் பெரிய எழுத்தில் டிரில்லிங் என்று போட்டேன். "மாமா, வேணாமே" என்றாள். அதற்குள் மை காய்ந்துவிட்டது.

அதில் பொய் எதுவும் இல்லை. டிரில்லிங் நடந்த இடத்தில்தான் நின்றேன்.

ஏப்ரல் 13, வியாழன்

அறை எண் 7-இன் மின்விசிறி, ரிக்கில் சேறு இறைக்கும் மட் பம்ப் மாதிரியே சத்தம் போடுகிறது. நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

தமிழ்ப் புத்தாண்டு. லாட்ஜில் பாயசம் கொடுத்தார்கள். பாயசம் என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

நாள் முழுக்க நூலகப் படிக்கட்டில் பயிற்சி. இந்த நோட்டு அதற்காக இலக்கியா வாங்கிக் கொடுத்தது; இதுவரை தனித்தாளில் எழுதியதையும் இதில் எடுத்து எழுதிவிட்டேன். முன்பக்கத்திலிருந்து அவள் சொல்வது, பின்பக்கத்திலிருந்து நான் சொல்வது.

முதல் பதிலை வாசித்துப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"மாமா, 'வெரி வெரி இம்பார்ட்டன்ட்'னு நான் எப்பச் சொன்னேன்?"

"நீ சொல்லல. ஆனா அது இம்பார்ட்டன்ட்தான?"

"கடைசில 'தாங்க் யூ சார்'?"

"பேப்பர் திருத்துறவரும் மனுசன்தானடி."

"மாமா, உங்க பேரு என்ன?"

"என்னா கேள்வி இது? கலியபெருமாள்."

"இல்ல. இந்த மூணு வாரத்துக்கு உங்க பேரு 'சொல்வதை எழுதுபவர்'. ஆபீஸ் கடுதாசில அப்படித்தான் போட்டுருக்கு. சொல்றத எழுதணும். சொல்லாதத எழுதக் கூடாது. ஒரு புள்ளி கூட."

ஐந்தடி இருப்பாள். அவள் அப்பா போன பிறகு அதட்டுவதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. என்னிடம்தான் இருக்கும்.

ஆனால் அந்த வார்த்தைகளை அவள் சொல்லச் சொல்ல எழுதுவது சாதாரணமாக இல்லை. "கிறிஸ்துமஸ் ட்ரீ" என்றாள். என் கை நின்றுவிட்டது.

1991. நான் ரிக்குக்குப் போன இரண்டாம் வாரம். வயலுக்கு நடுவில் நூற்றைம்பது அடி இரும்புக் கோபுரம். பகலா இரவா என்று தெரியாதபடி விளக்கு. சேற்று வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து ஒரு வாசனை; இன்றைக்கும் ஏதாவது லாரி பக்கத்தில் நின்றால் சட்டென்று வயது குறையும். சூப்பர்வைசர் வந்து, "கலியபெருமாளு, கிறிஸ்துமஸ் ட்ரீ வருது, நல்லா அலங்காரமா பெயின்ட் அடிச்சு வை, பெரிய சார் வராரு" என்றார். நான் சைக்கிளை மிதித்து நாகூர் வரை போய் ஜிகினாத் தாளும் ஒரு நட்சத்திரமும் வாங்கி வந்துவிட்டேன். வந்து பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாக வால்வு அடுக்கிய ஆள் உயர இரும்பு. கிணற்றின் வாயில் பூட்டுவது. அதற்குத்தான் அந்தப் பெயராம். கேம்ப்பே சிரித்தது. நான் அசரவில்லை. நட்சத்திரத்தை உச்சியில் கட்டிவிட்டேன். பெரிய சார் வந்து பார்த்துவிட்டு என்னோடு கை குலுக்கினார்.

இலக்கியாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "கை குலுக்கினது நெசமா மாமா?" என்றாள்.

என்னைப் பார்த்தார் என்பது நிஜம்.

ஏப்ரல் 17, திங்கள்

முதல் தாள். தனி அறை. நான், அவள், கண்காணிப்புக்கு ஒரு அம்மா. அவள் சொல்வது, நான் எழுதுவது. நாலு மணி நேரம். புள்ளி கூடச் சேர்க்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் ஒரு வார்த்தைக்கு அடியில் அழகாக ஒரு கோடு இழுத்தேன். அவள் பார்த்தாள். கோடு பாதியில் நின்றுவிட்டது.

ஏப்ரல் 18, செவ்வாய்

துணி துவைத்தேன். வாசல் டீக்கடை சேவியர் பழக்கமாகிவிட்டார். தூத்துக்குடிக்காரர். கதை கேட்பதில் நல்ல ஆள்.

ஏப்ரல் 20, வியாழன்

இரண்டாம் தாளில் படம் வரையச் சொல்லிக் கேள்வி. இலக்கியா பதறிவிட்டாள், வாயால் எப்படிப் படம் வரைவது? "மாமா, ஒரு நேர்க்கோடு. அதுக்குள்ள ரெண்டு கோடு. கீழ ஒரு அடைப்பு." நான் ஸ்கேல் இல்லாமல் இழுத்தேன். கண்காணிப்பு அம்மா எழுந்து வந்து பார்த்தார். "அச்சடிச்ச மாதிரி இருக்கே, நீங்க என்ன வேலை செஞ்சீங்க?" என்றார்.

"டிரில்லிங்" என்றேன்.

இலக்கியா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

வெளியே வந்ததும் ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள். "கோடெல்லாம் சூப்பர் மாமா. வாயத்தான் கொஞ்சம் மூடணும்."

ஏப்ரல் 24, திங்கள்

மூன்றாம் தாள் முடிந்தது. வெயில் சொல்லி மாளாது. அக்கா போனில், "ஒழுங்கா எழுதுறியாடா?" என்றாள். பல்கலைக்கழகமே என் கையெழுத்தைப் பற்றிப் பேசுகிறது என்றேன். "பேசாம இருந்தாப் போதும்" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 26, புதன்

நான்காம் தாள். பெட்ரோலிய உற்பத்திப் பொறியியல். இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

முதல் நாலு கேள்வி தண்ணீர் மாதிரி போனது. ஐந்தாவது: கேஸ் லிஃப்ட் வேலை செய்யும் விதத்தை விளக்குக. பதினாறு மதிப்பெண்.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். ஒன்றும் வரவில்லை. கையில் கட்டுக்கு உள்ளே அரித்தது போல. இடது கையால் அழுத்திக்கொண்டே இருந்தாள். கண்காணிப்பு அம்மாவைத் தாழ்வாரத்தில் யாரோ கூப்பிட்டார்கள். வாசலுக்குப் போய் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரம் இரண்டு பத்திலிருந்து இரண்டு இருபத்தொன்றுக்குப் போனது. இலக்கியாவின் கண்ணோரம் நீர் கட்டிவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். அதைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை.

பிறகு அவளாகவே, "எழுதுங்க மாமா" என்றாள். ஆரம்பித்தவள் நிற்கவில்லை. இரண்டரைப் பக்கம். எனக்குக் கை வலித்தது.

ஏப்ரல் 27, வியாழன்

சேவியர் கடையில் காலை டீ. நேற்று எப்படி என்றார். பிள்ளை ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டதையும், பிறகு மளமளவென்று சொன்னதையும் சொன்னேன். "எப்படி திடீர்னு ஞாபகம் வந்துச்சாம்?" என்றார்.

"நான் ஒரு பார்வை பாத்தேன்."

"பார்வையா?"

"அனுபவப்பட்டவன் பார்வை. அதுலயே பாதி பதில் இருக்கும்."

பக்கத்து பெஞ்சில் இருந்த மாணவர்கள் திரும்பினார்கள்.

ஏப்ரல் 28, வெள்ளி

சலூனில் சவரம். கடைக்காரர் சேவியருக்கு மைத்துனர். "நீங்கதான் கண்ணாலயே பரீட்ச எழுதுனவரா?" என்றார். இருந்த நாலு பேருக்கும் விவரம் வேண்டியிருந்தது. பார்வையோடு கூட, பேனாவால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தட்டு என்றால் கேஸ், இரண்டு தட்டு என்றால் லிஃப்ட்.

ஏப்ரல் 29, சனி

ஐந்தாம் தாளும் முடிந்தது. இனி ஒன்றும் பாக்கி இல்லை. வரும் வெள்ளி இருவரும் ஊருக்கு. அதுவரை அவளுக்கு ஆய்வகத்தில் ஏதோ ஒப்படைப்பு இருக்கிறது.

சேவியர் கடையில் இன்று கூட்டம். எனக்காக இரண்டு பெஞ்சு சேர்த்துப் போட்டிருந்தார். பதினைந்து மாணவர்கள். ஒருவன் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றான். ரிக்கில் ஆரம்பித்தேன். போரா சார் என்னும் அஸ்ஸாம்காரர் தலைமை டிரில்லர், நான் அவருக்கு வலது கை என்று சொன்னேன். அவர் லீவில் போனபோது மூன்று நாள் கிணற்றை நானே இறக்கினேன் என்று சொன்னேன். பரீட்சை அறைக்கு வந்தபோது கதை நல்ல சூட்டில் இருந்தது. கண்காணிப்பு அம்மா வெளியே போன சமயத்தில் நான் குனிந்து காதோடு நாலு வரி சொன்னேன், மீதியை அவள் பிடித்துக்கொண்டாள் என்று முடித்தேன்.

கை தட்டினார்கள். நான் டீக்குக் கை நீட்டியபோது சேவியர் வடையும் சேர்த்து வைத்தார்.

பதின்மூன்று வருட ரிக் வாழ்க்கையில் எனக்கு யாரும் கை தட்டியதில்லை. வெள்ளையடித்த சுவரை யார் பார்க்கிறார்கள்? எழுத்தை வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். எழுதியவன் ஏணியில்தான் நிற்பான்.

மே 2, செவ்வாய்

இலக்கியா லாட்ஜ் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. இடது கையில் ஒரு கடிதம்.

நான்காம் தாள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. சொல்வதை எழுதுபவர் விடை சொல்லிக் கொடுத்ததாகப் புகார். வியாழன் காலை பத்து மணிக்கு இருவரும் விசாரணைக் குழு முன் வர வேண்டும். முறைகேடு உறுதியானால் இந்தப் பருவத் தேர்வு முழுவதும் ரத்து.

"என்ன சொன்னீங்க மாமா அவங்ககிட்ட?"

அவள் போனில், டீக்கடையில் அந்தப் பையன் பிடித்த படம் ஓடியது. நான் பெஞ்சில் உட்கார்ந்து காதோடு சொல்வது எப்படி என்று நடித்துக் காட்டுகிறேன். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"சும்மா ஒரு பேச்சுக்கு..."

"அந்தப் பதினோரு நிமிசம் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? செத்துப் பொழச்சேன். பொழச்சு நானா சொன்னேன். நாலு வருசப் படிப்புல அந்த ஒரு பதிலத்தான் நான் கும்புட்டு வச்சிருக்கேன். அதப் போய் ஒரு டீக்கு வித்துட்டீங்களே மாமா."

அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். திரும்பி நடந்துவிட்டாள்.

மே 3, புதன்

சாப்பிடவில்லை. பசியும் இல்லை.

சேவியர் வந்தார். கதையை இல்லவே இல்லை என்று மறுத்துவிடு என்றார். படம் இருக்கிறதே என்றேன். "அப்ப படிவத்துல டிரில்லிங்னு வேற போட்டுருக்கியளாம்ல? விவரம் தெரிஞ்ச ஆளு, அதான் சொல்லிக் கொடுத்துட்டாருன்னு அவிய பிடிச்சுக்கிட்டாவ" என்றார்.

அதாவது, நான் எதுவும் தெரியாதவன் என்று மெய்ப்பித்தால் அவள் தப்பிப்பாள். எனக்கு ஏதாவது தெரியும் என்றால் அவள் போனாள்.

அக்காவிடம் சொல்லவில்லை.

மே 4, வியாழன்

நீளமான மேஜை. மூன்று பேர். நடுவில் பேராசிரியர் ஞானசுந்தரி; வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். இந்தப் பக்கம் இலக்கியா, அந்தப் பக்கம் நான். இடையில் ஒரு நாற்காலி காலி. அவள்தான் அப்படி உட்கார்ந்தாள்.

"கலியபெருமாள், உங்க படிவத்துல தொழில் டிரில்லிங்னு இருக்கு. எந்த வருசம்?"

"தொண்ணூத்தி ஒண்ணுலேருந்து ரெண்டாயிரத்தி நாலு வரைக்குங்க, மேடம்" என்று பழக்கத்தில் குரல் நிமிர்ந்துவிட்டது. அடுத்த வார்த்தை போரா சார் என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது பக்கத்தில் மாவுக்கட்டு மேஜையில் இடிக்கும் சத்தம். பிள்ளை கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், அது பொய்யுங்க" என்றேன். "நான் டிரில்லர் இல்ல. டிரில்லருக்கு வலது கையும் இல்ல. நான் பெயின்டரு. காண்ட்ராக்ட் ஆளு. குழாய்க்குப் பெயின்ட் அடிப்பேன், அதுமேல எழுத்து எழுதுவேன். எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. கோபுரத்து மேடையில ஏற எனக்கு அனுமதியே கெடையாது. மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கந்தான் நிப்பேன். அந்த மஞ்சக் கோட்டப் போட்டதும் நான்தான்."

ஐம்பத்தாறு வருடத்தில் இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் நான் சொன்னதில்லை.

இடது பக்கம் இருந்த இளைஞர் நம்பவில்லை. "ஆனா டீக்கடையில கேஸ் லிஃப்ட்னு தெளிவாச் சொல்றீங்களே."

"கேள்வித்தாள்ல இருந்துச்சுங்க. என்னான்னு சொன்னேனான்னு பாருங்க சார். சொல்லியிருக்க மாட்டேன்."

மறுபடி படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். சொல்லியிருக்கவில்லை. என் கதையில் நான் இருந்தேன். கேஸ் லிஃப்ட் இல்லை.

"சரி. ஸ்கின்னுன்னா என்ன?"

"தோலுங்க."

"எண்ணெய்க் கிணத்துல ஸ்கின்."

"கெணத்துக்கு ஏதுங்க தோலு?"

அந்த இளைஞர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "சோக்?"

"டியூப்லைட்டுல மாட்டுறதுங்க."

வலது பக்கத்துக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். ஞானசுந்தரி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"கேஸ் லிஃப்டுன்னா என்ன? யோசிச்சுச் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிலிண்டர மாடிக்கு ஏத்துற லிஃப்டுங்க, மேடம்."

இந்த முறை மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். வாசலில் நின்ற பியூன் கூடச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது? இலக்கியா மட்டும் சிரிக்கவில்லை. காது சிவந்திருந்தது. அவமானம் எனக்கு இல்லை, அவளுக்குத்தான் பட்டது போல.

பிறகு மேடம் அவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா, அதே கேள்வி" என்றார். எழுந்து நின்றாள். ஒரு நிமிடம் கூடத் தயங்கவில்லை. பலகைக்குப் போய் இடது கையால் கோணல்மாணலாகப் படம் போட்டு, அழுத்தம் எங்கே எவ்வளவு என்று குறித்து, வால்வு எப்போது திறக்கும் எப்போது மூடும் என்று சொல்லி முடித்தாள். இளைஞர் குறுக்கே மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பதில் வந்தது.

"இந்தப் பொண்ணுக்கு இவரு சொல்லிக் கொடுத்தாராம்" என்றார் மேடம், மற்ற இருவரிடம். காகிதத்தில் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாள் மதிப்பீட்டுக்குப் போகும். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். இனி இந்தப் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் நான் எழுதக் கூடாது.

எழுந்தபோது மேடம் என்னிடம் மட்டும், "நீங்க வரைஞ்ச படங்களப் பாத்தேன். சுத்தமான கை" என்றார்.

மே 5, வெள்ளி

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில் இலக்கியா பெட்டியோடு லாட்ஜுக்கு வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு ஊர் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் ரிக் நின்ற திசையெல்லாம் காட்டலாமா என்று யோசித்தேன், காட்டவில்லை. அங்கே இப்போது கோபுரம் இல்லை. சுற்றிலும் நெல். நடுவில் கம்பி வேலி, உள்ளே அந்த வால்வு அடுக்கு மட்டும் நிற்கிறது. என் எழுத்து இருக்குமோ என்னவோ. வெயிலுக்கு எத்தனை வருடம் தாங்கும்?

வழியில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் இரண்டு பன்னீர் சோடா வாங்கி வந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு கண்ணு."

"அவங்க அப்படிச் சிரிச்சது எனக்குப் புடிக்கல. கேஸ் லிஃப்டுன்னா என்னன்னு நான் சொல்லித் தரேன். அப்பறம் யாராவது கேட்டா நீங்க சொல்லலாம்."

ஸ்ட்ராவை சோடாவில் விட்டாள். "இது கெணறு. மொதல்ல எண்ணெய் தானா மேல வரும். வருசம் ஆக ஆகக் கீழ அழுத்தம் கொறஞ்சிரும். மேல நிக்கிற எண்ணெயோட பாரத்தத் தூக்கக் கீழ தெம்பு இருக்காது. அப்ப பக்கத்துல உள்ள இடைவெளி வழியா கேஸ உள்ள விடுவாங்க. அது எண்ணெயோட கலந்து நொரையாகி, பாரத்தக் கொறைக்கும். வெளியேருந்து யாரும் இழுக்கறது இல்ல மாமா. பாரம் கொறைஞ்சதும் கெணறு தானாவே மேல தள்ளும்."

"அப்ப தெம்பு கெணத்தோடதா, கேஸோடதா?"

"கெணத்தோடதுதான்!" பிள்ளையின் முகம் அப்படியே விரிந்தது. "மாமா, சட்டுனு புடிச்சுக்கிட்டீங்க! எங்க கிளாஸ்ல பாதிப் பேரு இதுல குழம்புவாங்க."

"நீ சொன்ன விதம் அப்படி."

இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஓர் இடத்தில் தப்பாகச் சொன்னேன், அவள் திருத்தினாள். இப்போது என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். மாவுக்கட்டு என் மடியில் கனக்கிறது.

அவள் இந்த நோட்டைப் படிக்க மாட்டாள். பின்பக்கத்திலிருந்து எழுதுவது அவளுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

1993, மார்ச் மாதம். போரா சார் மஞ்சள் கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்து உட்கார்ந்தார். நான் ஒரு குழாயில் கேஸ் லிஃப்ட் என்ற இரண்டு வார்த்தையை எழுதிக்கொண்டிருந்தேன். "கலியா, யே க்யா ஹை, இது என்னா தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். ஒரு ரப்பர் குழாயை எடுத்து என் மஞ்சள் பெயின்ட் டப்பாவின் அடி வரை விட்டு ஊதினார். டப்பாவில் பாதிதான் பெயின்ட் இருந்தது. அது நுரைத்துப் பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்து இரண்டு பேர் சட்டையையும் நாசம் செய்தது. "அவ்ளோதான், இதுதான்" என்றார். முக்கால் மணி நேரம், தரையில் தூரிகையால் படம் போட்டு, பாதி இந்தி பாதி தமிழில் சொல்லிக் கொடுத்தார். ரிக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கென்று ஒருவர் ஒரு விஷயத்தைச் சொன்னது அந்த ஒரு நாள்தான். அதை நான் எந்த டீக்கடையிலும் சொன்னதில்லை. அதில் சேர்க்க எதுவும் இல்லை.

பரீட்சை அறையில் இரண்டு பத்திலிருந்து இரண்டு இருபத்தொன்று வரை அந்தப் பெயின்ட் டப்பா என் கண்ணுக்கு முன்னால் பொங்கிக்கொண்டே இருந்தது. வாசலில் அந்த அம்மாவின் முதுகு. கைக்கெட்டும் தூரத்தில் பிள்ளையின் காது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அடக்கியதுதான் மறுநாளிலிருந்து டீக்கடையில் பீறிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

பெயின்டர் என்று குழுவின் முன் சொன்னது உண்மை. மஞ்சள் கோடு உண்மை. காதில் நான் எதுவும் சொல்லவில்லை என்பது சத்தியமான உண்மை.

கேஸ் லிஃப்ட் தெரியாது என்றது மட்டும் நான் கட்டிய கதை.